யார் காவல்?
திருக்காவலூர்ப் புலவரின் நூல்களை இன்று படித்தல்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்துள்ள ஏலாக்குறிச்சிக்கு நடந்தும் வண்டியேறியும் வருகின்ற இறைமக்கள் யாவரும் ஒரே சொல்லை நாடி வருகின்றனர். அச்சொல் அடைக்கலம். பிணியுற்றோர், கடன்பட்டோர், வழக்கில் சிக்கியோர், மகப்பேறு வேண்டுவோர் என எத்திறத்தாரும் அடைக்கல மாதாவின் திருமுன் நின்று மன்றாடித் திரும்புகின்றனர். அந்தத் திருத்தலத்துக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, திருக்காவலூர்க் கலம்பகமும் அடைக்கல மாலையும் பாடிய வீரமாமுனிவரின் பெயரை நாம் பெருமையுடன் சொல்லுகின்றோம். ஆயினும் அவர் நூல்களைத் திறந்து படிப்போர் நம்மிடையே மிகச் சிலரே. படிப்போரும் அவற்றின் சொல்வளத்தையும் யாப்பு நயத்தையும் வியந்து அமைந்துவிடுகின்றனர். அந்நூல்கள் நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்கின்றன. உலகின் ஆட்சி உன்னை நெருக்கும்போது நீ யாருடைய காவலில் நிற்கின்றாய் என்பதே அக்கேள்வி. அதனை முன்வைத்து அவருடைய நூல்களை மீண்டும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே நகரில் 1680 இல் பிறந்த கொன்ஸ்தாந்தீனுஸ் ஜோசப் பெஸ்கி, இயேசு சபைத் துறவியாக 1711 இல் மதுரை மறைப்பணித் தளத்தை வந்தடைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் இப்பகுதி பாளையக்காரர் கையில் இருந்தது. அரியலூரில் மழவராயரும் உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையாரும் ஆண்டனர். அந்நாளில் ‘காவல்’ என்பது வெறும் அன்புச் சொல் அன்று. அது ஓர் உரிமை, ஒரு வரி. ஊரைக் கள்வரிடமிருந்து காப்பதற்கு ஈடாகப் பாளையக்காரர் குடிகளிடம் காவற்பணம் பெற்றனர். கொடுத்தவனுக்குக் காவல் உண்டு. கொடுக்க இயலாதவனுக்கு, காப்பவனே அச்சமாக நின்றான். நாயக்கர் ஆட்சி தளர்ந்து, நவாபின் படைகளும் மராட்டியர் படைகளும் மாறி மாறி வந்த அந்த நாள்களில், எளிய குடிமகன் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொண்ட கேள்வி, இவ்வாண்டு யார் காவல் என்பதாகவே இருந்திருக்கும்.

அத்தகைய நிலத்தில் ஓர் ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிடுவதும், அங்கு உறையும் அன்னையை அடைக்கலம் என அழைப்பதும் பக்திச் செயல் மட்டும் அல்ல. ஆட்சியாளரின் அகராதியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து இறைவனின் அகராதியில் சேர்க்கும் செயல் அது என்று கொள்ளலாம். காவலை விற்பவர் பலர் இருந்த நாட்டில், விலையின்றி அளிக்கப்படும் காவல் ஒன்று உண்டு என அப்பெயர் சொல்லியது.

கலம்பகம் என்ற இலக்கிய வகையும் இங்கு நினைக்கத்தக்கது. நமக்குக் கிடைத்துள்ள பழைய கலம்பகமாகிய நந்திக் கலம்பகம் ஒரு பல்லவ மன்னனைப் பாடியது. பாட்டியல் நூல்கள் தேவர்க்கு 100 பாடல், அரசர்க்கு 90 பாடல் என்று அளவு வகுத்தன. இறைவனுக்கும் அரசனுக்கும் இடையே இலக்கணம் வைத்த தொலைவு பத்தே பாடல்கள்! இந்த மரபில் நின்று, நாசரேத்துச் சிற்றூரின் ஏழைப் பெண் ஒருத்திக்குக் கலம்பகம் சூட்டினார் முனிவர். வலியோர் அரியணையினின்று இறக்கப்படுவர் என்று லூக்கா நற்செய்தியில் பாடியவள் அவளே என்பதை நினைத்தால், அந்த நூலின் பொருள் இன்னும் ஆழமாகின்றது.

ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. நம் மக்கள் நாவில் வாழும் வீரமாமுனிவர் அரண்மனைகளுக்கு அயலானவர் அல்லர். இராசபிளவை நோயால் வருந்திய அரங்கப்ப மழவராயர், முனிவரின் மருத்துவத்தாலும் அன்னையின் பரிந்துரையாலும் நலம் பெற்று ஏலாக்குறிச்சிக் கோவிலுக்கு நிலம் அளித்தார் என்று மரபு கூறுகின்றது. 1736 முதல் 1741 வரை திருச்சிராப்பள்ளியில் ஆட்சி செலுத்திய சந்தா சாகிபிடம் முனிவர் திவானாக விளங்கினார், பல்லக்கிலும் குதிரையிலும் பரிவாரம் சூழச் சென்றார் என்றும் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வாழ்க்கை வரலாறு பேசுகின்றது. பின்வந்த ஆய்வாளர்கள் இந்தத் திவான் கதையை ஐயுற்றனர். ஆயினும் மேடைகளில் அது இன்னும் மகிழ்ச்சியோடு சொல்லப்படுகின்றது.

அது உண்மையா என்று ஆராய்வதைக் காட்டிலும், அதனை நாம் ஏன் இவ்வளவு விரும்புகின்றோம் என்று ஆராய்வது பயன் தரும். நம்மவர் ஒருவர் அரசனின் அருகில் அமர்ந்தார் என்று கேட்கும்போது நம் நெஞ்சு நிமிர்கின்றது. சிறுபான்மையாக வாழும் மக்களுக்கு இது இயல்பான ஆசையே. ஆனால் உலக ஆட்சிக்கு இரண்டு கைகள் உண்டு. ஒரு கை வாளை ஓங்கும். மறு கை பரிசை நீட்டும். வாளை ஓங்கும் கையை நாம் எளிதில் அடையாளம் காண்கின்றோம். பரிசை நீட்டும் கையை நாமே முத்தமிடுகின்றோம்.

வீரமாமுனிவருக்கு முன் இதே மறைப்பணித் தளத்தில் உழைத்த புனித அருளானந்தரின் வாழ்வு இவ்விரு கைகளையும் ஒருங்கே காட்டுகின்றது. லிஸ்பன் நகரில் 1647 இல் பிறந்த அவர், இளமையில் போர்த்துக்கல் அரண்மனையில் வளர்ந்தவர். 1686 இல் மறவர் சீமையில் சிறைப்பட்டு வதையுண்டார். இனி இங்கு மறை போதிக்கலாகாது என்ற ஆணையோடு விடுவிக்கப்பட்டார். பின்னர் ஐரோப்பா சென்றபோது, இளமைத் தோழரான மன்னர் இரண்டாம் பேதுரு அவரை அரண்மனையிலேயே இருத்தி, தம் மகனுக்கு ஆசிரியராக்க விரும்பினார். அருளானந்தர் அதனை ஏற்காமல் 1690 இல் இந்நாடு திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது. ஓரியூரின் செம்மண்ணை நாம் பத்திரமாக வைத்திருக்கின்றோம். லிஸ்பன் அரண்மனையில் அவர் ‘வேண்டாம்’ என்று சொன்ன நாளை நாம் கொண்டாடுவதில்லை. உண்மையில் ஓரியூரின் உறுதி அந்த நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது. பரிசுக்கு விலைபோகாதவனை வாள் என்ன செய்யும்?

இந்த ஒளியில் தேம்பாவணியைத் திறப்போம். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட இப்பெருங்காப்பியத்தின் தலைவர், வளன் எனத் தமிழ்ப்பெயர் பெற்ற புனித சூசையப்பர். காப்பியத் தலைவன் போர் வெல்ல வேண்டும், நாடு ஆள வேண்டும் என்பது மரபின் எதிர்பார்ப்பு. இங்கோ தலைவன் ஒரு தச்சன். உரோமைப் பேரரசனின் கணக்கெடுப்பு ஆணைக்கு உட்பட்டு, நிறைமாதத் துணைவியோடு பெத்லகேம் செல்கின்றான். ஏரோதின் வாளுக்குத் தப்ப, இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போகின்றான். காப்பியத்தின் மைய நிகழ்ச்சிகளில் ஒன்று ஓர் அகதிக் குடும்பத்தின் பயணம்.

இங்கே முனிவர் செய்துள்ள அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. போர்களும் வெற்றிகளும் நூலில் இல்லாமல் இல்லை. யோசுவாவின் வெற்றியும் கிதியோனின் வெற்றியும் விரிவாகவே பாடப்படுகின்றன. ஆனால் அவை எகிப்துப் பயணத்தின் இடையே கிளைக்கதைகளாகச் சொல்லப்படுகின்றன. வென்றவர் கதையைக் கேட்டுக்கொண்டு நடப்பவர்கள் ஓடிப்போகின்றவர்கள்! எரிகோவின் மதில் விழுந்த வரலாறு செவியில் ஒலிக்க, கையிலோ ஒரு பச்சிளங்குழந்தை. முதுகுக்குப் பின்னால் ஓர் அரசனின் சினம். வல்லமையுள்ள கடவுள் தம் மகனுக்காக ஒரு படையையும் அனுப்பவில்லை. ஒரு தச்சனின் கால்களையே அனுப்பினார். இந்த முரணை விளக்கவுரை ஏதுமின்றிக் கதையமைப்பாலேயே உணர்த்தியிருப்பது நூலின் சிறந்த வெற்றி என்பேன்.

அந்தக் கால்கள் எப்படி அவ்வளவு விரைவாக எழுந்தன? இதற்கு விடை நூலின் முற்பகுதியில், ‘ஈரறம் பொருத்து படலம்’ என்ற பெயரிலேயே இருக்கின்றது. இல்லறம், துறவறம் என்னும் இரண்டையும் ஒரே வாழ்வில் பொருத்துதல் அது. துறவை விரும்பிய வளன் காட்டுக்குப் போய்விடாமல், மனைவியும் தொழிலும் உடைய இல்லத்துக்குள் துறவியின் நெஞ்சோடு வாழ்கின்றான். வீட்டை இறுகப் பிடித்துக்கொள்ளாதவனே வானதூதர் அழைத்த இரவில் வீட்டை விட்டு எழ முடியும். ஆட்சியாளரின் முன் காட்டும் உறுதி நீதிமன்றத்தில் பிறப்பதன்று. அடுப்பங்கரையிலும் பட்டறையிலும் பல ஆண்டுகளாக அது உருவாகின்றது. பொதுநிலையினருக்காகவே எழுதப்பட்டது போன்ற இந்தப் பாடத்தை, தேம்பாவணி ஆய்வுகள் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

எனினும் குறையைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. மத்தேயு நற்செய்தியில் சூசையப்பர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. எழுகின்றார், நடக்கின்றார், பணிகின்றார். தேம்பாவணியின் வளனோ நிறையப் பேசுகின்றார், அறிவுரை வழங்குகின்றார், வேதம் விளக்குகின்றார். மறை கற்பிக்க வேண்டிய தேவை முனிவருக்கு இருந்தது என்பது உண்மையே. ஆயினும் அந்தத் தச்சனின் மௌனத்தில் இருந்த வலிமை இந்தச் சொற்பெருக்கில் ஓரளவு கரைந்துபோகின்றது. நூல் முடிசூட்டுப் படலத்தோடு நிறைவுறுவதும் சிந்திக்க வைக்கின்றது. ஏரோதின் முடி கொடியது எனக் காட்டிய காப்பியம், தன் தலைவனுக்கு மற்றொரு முடியைச் சூட்டியே மனநிறைவு அடைகின்றது. அம்முடி இறப்புக்குப் பின் விண்ணில் சூட்டப்படுவது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் முடியில்லாத தலைவனைக் காப்பிய மரபால் தாங்க முடியவில்லை என்றே தோன்றுகின்றது.

இந்தக் குறை இல்லாத நூல் ஒன்று முனிவரிடம் உண்டு. அது புலவர் அவையில் அதிகம் பேசப்படாத கித்தேரியம்மாள் அம்மானை. போர்த்துக்கல் நாட்டு மரபில் போற்றப்படும் கன்னி மறைசாட்சியின் கதை அது. வரலாற்று ஆய்வின் கைக்கு எட்டாத பழங்கதைதான். ஆனால் கதையின் கரு கூர்மையானது. ஆட்சியாளன் ஒருவனுக்கு மகளாய்ப் பிறந்து, பெற்றோரால் கைவிடப்பட்டு, கிறித்தவர் கையில் வளர்ந்த பெண், பின்னர் தன் தந்தையின் முன்னேயே நிற்க நேர்கின்றது. அவன் வேண்டும் மணத்தை ஏற்கவும் நம்பிக்கையை விடவும் அவள் மறுக்கின்றாள். அதற்காகத் தலை கொடுக்கின்றாள்.

தமிழ் மரபு அறிந்தோர் இக்கதையைக் கேட்கும்போது ஒன்றை உணர்வர். வேந்தன் பெண் கேட்டு வருவதும் மறுக்கப்படுவதும் நமக்குப் புதியவை அல்ல. புறத்துறைகளில் மகட்பாற் காஞ்சி உண்டு. கலம்பகத்தில் மறம் என்னும் உறுப்பு உண்டு. ஆனால் அங்கெல்லாம் மறுப்பவர் தந்தையும் தமையன்மாரும், பெண் பேசுவதில்லை. குலத்தின் மானமே அங்குப் பேசுகின்றது. கித்தேரியின் கதையிலோ கேட்பவனே தந்தை, அரசனும் அவனே. பாதுகாக்க வேண்டிய கையே ஓங்கி நிற்கின்றது. மறுப்பவள் அப்பெண் ஒருத்தி மட்டுமே. தந்தை சொல்லை மந்திரமாகப் போற்றும் ஒரு பண்பாட்டில், தந்தைக்கும் மேலான தந்தை ஒருவர் உண்டு என்று ஓர் இளம்பெண்ணின் வாயால் சொல்ல வைப்பது சிறிய துணிவன்று. அதனை முனிவர் பெண்கள் காய்களை வீசிப் பிடித்து ஆடிப் பாடும் அம்மானை வடிவில் தந்தார் என்பதைக் கவனியுங்கள். பெருங்காப்பியத்தைப் புலவருக்கு அளித்தவர், மறுக்கும் உரிமையின் கதையை முற்றத்தில் ஆடும் பெண்களிடம் அளித்தார். நம் பங்குகளில் கித்தேரியம்மாள் என்று பெயர் தாங்கிய பாட்டிமார் பலர் இருந்தனர். அப்பெயர் இப்போது பிள்ளைகளுக்கு இடப்படுவது அருகிவிட்டது; கதையும் அதனோடு மறைந்து வருகின்றது.

1968 இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை எழுந்தது. அது தகுந்த சிறப்பே. ஆனால் தமிழுக்கு அவர் செய்த தொண்டைச் சொல்லிச் சொல்லி, தமிழில் அவர் என்ன சொன்னார் என்பதை மறந்துவிட்டோம். சதுரகராதியையும் தொன்னூல் விளக்கத்தையும் எல்லாரும் போற்றலாம். ஏரோதின் முன்னும் கித்தேரியின் தந்தை முன்னும் நிற்கும் கேள்வியோ நம்மைத் தனியே பிடித்து நிறுத்துகின்றது.

அக்கேள்வி பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்து, 1745 இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் மதகுரு அல்லர். குடும்பத் தலைவர், அரசு ஊழியர். அரண்மனையின் சோற்றை உண்டுகொண்டே அரண்மனையின் கடவுளாக அரசனை ஏற்காதிருக்க முடியும் என்று காட்டியவர் அவர்.

நம் காலத்து அரசு ஏரோது அன்று. வரி செலுத்துவதும் சட்டத்துக்குப் பணிவதும் கிறித்தவனின் கடமை என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியுள்ளார். ஆயினும் சட்டத்தின் வழியாகவே நெருக்கடி வருவதும் உண்டு. 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது. தலித் கிறித்தவருக்கு இன்றுவரை இல்லை. திருமுழுக்குப் பெற்றதால் சேரியின் தீண்டாமை நீங்கவில்லை. உரிமை மட்டும் நீங்கியது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் ஒரு தலித் கிறித்தவத் தந்தை தன் மகளின் சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது, ‘மதம்’ என்ற ஒரு கட்டத்தின் முன் அவன் பேனா நிற்கின்றது. அவன் முன் வாள் இல்லை. மகளின் கல்வியும் வேலையும் இருக்கின்றன. இதுவே இன்றைய கித்தேரியின் மேடை.

அவ்விடத்தில் தளர்ந்த ஒருவன்மீது கல்லெறிய எவருக்கும் உரிமை இல்லை. உரிமைகள் அனைத்தையும் பெற்று வசதியாக அமர்ந்திருக்கும் நமக்குச் சற்றும் இல்லை. கட்டத்தில் உண்மையை எழுதி, அதன் இழப்பைச் சுமந்து, மறு ஞாயிறு அன்று பூசைக்கு வந்து நிற்கும் தந்தையரும் தாயரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்குச் சிலை இல்லை, திருநாள் இல்லை. பல இடங்களில் கோவிலிலும் கல்லறையிலும் சமமான இடம்கூட இல்லை. இதுதான் நம்மைச் சுடவேண்டிய உண்மை. அரசின் நெருக்கடிக்கு அஞ்சாமல் கிறித்துவைப் பற்றி நிற்கும் சகோதரனை, அதே கிறித்துவின் மந்தைக்குள் சாதியின் பெயரால் ஒதுக்கினால், அப்போது உலக ஆட்சியின் கை நம்முடைய கையே. அடைக்கலம் தேடி வந்தவனிடம் காவற்பணம் கேட்ட பாளையக்காரனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

ஆகவே திருக்காவலூர் இலக்கியங்களைப் படித்தல் என்பது பழம்பெருமையை அசைபோடுதல் ஆகாது. வளனைப் போல் கைப்பிடி தளர்த்தி வாழும் இல்லங்களை உருவாக்குதல் அது. நீட்டப்படும் பரிசைக் கண்டதும், இதற்கு விலை என்ன என்று கேட்கப் பழகுதல் அது. மறுத்து நிற்பவன் தனித்து நிற்காதவாறு, அவன் பிள்ளையின் படிப்புக்கும் அவன் குடும்பத்தின் மதிப்புக்கும் பங்குச் சமூகம் முழுவதும் பொறுப்பேற்றல் அது. கித்தேரியை வளர்த்தவர்கள் அவளைப் பெற்றவர்கள் அல்லர், ஏழைக் கிறித்தவர்கள். அவர்கள் அளித்த அடைக்கலத்தில் வளர்ந்த பெண்ணே அரசனுக்கு முன் நிமிர்ந்து நின்றாள்.

அடைக்கல மாதாவிடம் காவல் கேட்டுச் செல்லும் நாம், ஒருவர்க்கொருவர் காவலாக நிற்கக் கற்றோமானால், திருக்காவலூர் என்ற பெயர் ஓர் ஊருக்கு மட்டும் உரியதாக இராது.